கம்பியில்லாக் கருவியின் இயக்கியை லினக்ஸ் கணினியில் தொகுக்கும் முறை

விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தார் அளித்து வந்த பொதுவான ஆதரவு 2025 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 14 ஆம் நாளுடன் முடிவெய்தியது. அதனை அடுத்து வந்த விண்டோஸ் 11 வேண்டும் தகுதிகள் பழைய கணினிகள் பலவற்றுக்கு இல்லை. அக்கணினிகளின் நினைவகம் பழுதுபடவில்லை, திரை மங்கவில்லை, விசைப்பலகையும் தேய்ந்துவிடவில்லை. எனினும் அவை கழிக்கப்படுகின்றன. கழிக்கப்பட்டவற்றுட் பல பாடசாலைகளுக்கு நன்கொடையாக வந்து சேர்வதும் நாம் அறிந்ததே. தாம் கற்ற கல்லூரிக்குக் கணினி அனுப்ப விரும்பும் பழைய மாணவர்க்கு முதலில் நினைவில் வருவனவும் இவையே.

இத்தகைய கணினிகளில் லினக்ஸ் நன்றாக இயங்கும். ஆயின் மேசைக் கணினிகள் பலவற்றிற் கம்பியில்லா வலையமைப்போடு இணைதற்குரிய உறுப்பு இல்லை. ஆதலின் கடையிலே கிடைக்கும் யூ.எஸ்.பி. கருவி ஒன்றை வாங்கி வந்து செருகுகின்றோம். ஒன்றும் நிகழ்வதில்லை. வலையமைப்புகளின் பட்டியல் தோன்றவில்லை. கருவியிலுள்ள சிறு விளக்குத்தானும் எரியவில்லை. கருவி பழுது என்று எறிபவரும் உளர். லினக்ஸ் பயனற்றது எனக் கணினியையே மூலையில் வைப்பவரும் உளர். இரு சாராரும் அவசரப்படுகின்றனர். அக்கருவிக்கும் கணினிக்கும் இடையே நின்று பேசவேண்டிய இயக்கி அங்கே இல்லை, குறை அவ்வளவே. அவ்வியக்கியை மூலநிரலிலிருந்து நாமே தொகுத்துக்கொள்ளலாம். அதனைத் தொகுக்குமாறு எங்ஙனம் என்பதையும், ஒரு முறை தொகுத்தது சில மாதங்களின் பின் ஏன் பயன்படாது போகின்றது என்பதையும் ஈண்டு ஆராய்வாம். பின்னையதே முக்கியமான வினா. அதற்கு விடை தெரியாதவர், கட்டளைகளை மனப்பாடமாக வைத்திருந்தும், அடுத்த முறை திகைத்து நிற்பர்.

பணிசெயல் முறைமையின் உள்ளே கேர்னல் எனப்படும் பகுதி ஒன்று உண்டு. அதனைத் தமிழிற் கரு என்று வழங்குவாம். நினைவகத்தைப் பங்கிடுதல், செய்நிரல்களுக்கு முறைவைத்து நேரம் வழங்குதல், வன்பொருள்களோடு பேசுதல் ஆகிய யாவும் கருவின் பொறுப்பாகும். நாம் நாளும் கையாளும் இணைய உலாவி முதலிய செய்நிரல்கள் கருவுக்குப் புறத்தே நிற்பவை. பழைய நாற்சார் வீடொன்றை எண்ணிப் பார்க்க. வருவோர் போவோர் விறாந்தையில் அமர்வர், வேண்டியதைக் கேட்டுப் பெறுவர், அடுக்களைக்குட் செல்லார். விறாந்தையில் ஒருவர் தேநீர்க் கோப்பையைத் தவறவிட்டாற் கோப்பை மட்டுமே உடையும். அடுக்களையில் நெருப்பைத் தவறவிட்டால் வீடே எரியும். இயக்கி என்பது அடுக்களைக்குட் செல்லும் உரிமை பெற்ற ஆள். அது கருவின் உள்ளே நின்று, கருவின் அதிகாரம் முழுவதையும் கொண்டு தொழிற்படும். ஆதலின் அவ்வீட்டின் ஒழுங்குகள் அனைத்தும் அதற்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

உலகிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் உரிய இயக்கிகளை ஒரே வேளையில் நினைவகத்தில் ஏற்றி வைத்தல் வீண். எனவே அவை தனித்தனிக் கூறுகளாக வன்தட்டில் வைக்கப்பட்டிருக்கும். கருவி செருகப்பட்டதும் அதற்குரிய கூறு கருவினுள் ஏற்றப்படும். வேண்டாதபோது இறக்கவும் படும். இக்கூற்றையே மொடியூல் என்பர். நாம் தொகுக்கப்போவது இதனையே ஆகும். முழுக் கருவையும் மீளத் தொகுக்க வேண்டியதில்லை என்பதை மாணவர் முதலிலேயே அறிந்துகொண்டால் அச்சத்திற் பாதி நீங்கும்.

ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை 1991 ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1992 இல் அது பொது உரிம ஒப்பந்தத்தின்கீழ் வந்தது. மூலநிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம். மாற்றியதை வழங்குங்கால் அதன் மூலநிரலையும் அதே உரிமையோடு வழங்குதல் வேண்டும் என்பதே அவ்வொப்பந்தத்தின் சாரம். அன்று தொடங்கி இன்றுவரை எழுதப்பட்ட பல்லாயிரம் இயக்கிகள் கருவின் மூலநிரலோடு ஒரே மரத்தின் கிளைகளாய் வளர்ந்து வந்திருக்கின்றன. லினக்ஸ் கருவின் பெரும்பகுதி இயக்கிகளே எனலாம். ஒரு கருவிக்குரிய இயக்கி அம்மரத்தில் இருப்பின், செருகியவுடன் கருவி உயிர்பெறும்; பயன்படுத்துவோர் இயக்கி என்ற சொல்லையே அறியவேண்டியதில்லை. மரத்துக்குப் புறத்தே இருக்கும் இயக்கிகளாலேயே தொல்லை விளைகின்றது.

எடுத்துக்காட்டாகத் தாய்வான் நாட்டு றியல்ரெக் நிறுவனத்தாரின் ஆர்.டி.எல். 8812 ஏ.யூ. என்னும் நுண்சில்லை எடுத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பல வணிகப் பெயர்களில் விற்கப்பட்டு வரும் கருவிகளில் இது உள்ளது. 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் ஆகிய இரு அலைவரிசைகளிலும் இது தொழிற்படும். நிறுவனத்தார் இதற்கென எழுதிய லினக்ஸ் இயக்கியின் மூலநிரல் பொது உரிமத்தின்கீழ்க் கிடைக்கின்றது. ஆயினும் அது கருவின் மரத்தில் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. காரணம் அறியத்தக்கது. கம்பியில்லா இயக்கிகள் யாவற்றுக்கும் பொதுவான வேலைகளைச் செய்தற்கென மெக் 80211 என்னும் பகுதி ஒன்று 2007 ஆம் ஆண்டு தொடக்கம் கருவில் உண்டு. நிறுவனத்தாரின் இயக்கியோ அதனைப் பயன்படுத்தாது, அவ்வேலைகளையெல்லாம் தானே தன் வழியிற் செய்துகொள்கின்றது. பொது அடுக்களை இருக்க, தன் அடுப்பையும் பானை சட்டியையும் சுமந்துகொண்டு வந்த விருந்தினர் போன்றது அது. பல பணிசெயல் முறைமைகளுக்கும் பொதுவாக ஒரே நிரலை வைத்திருத்தல் நிறுவனத்தார்க்கு வசதி. கருவைப் பேணுவோர்க்கு அது சுமை.

இனிச் செயன்முறைக்கு வருவாம். கருவியின் உள்ளே இருப்பது எந்த நுண்சில்லு என்று அறிதலே முதல் வேலை. பெட்டியின்மேல் அச்சிட்ட பெயரை நம்பி இறங்கலாகாது. ஒரே பெயரும் ஒரே உருவமும் உடைய கருவிகளுள் முதற் பதிப்பில் ஒரு நுண்சில்லும் அடுத்த பதிப்பில் வேறொன்றும் இருத்தல் வழக்கம். கணினியிடமே கேட்க வேண்டும். எல், எஸ், யூ, எஸ், பி என்னும் ஐந்தெழுத்துக் கட்டளையை முனையத்தில் தட்டச்சுச் செய்தால், செருகப்பட்ட யூ.எஸ்.பி. கருவிகள் யாவும் வரிசையாகத் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு இலக்கங்கள் கொண்ட இரு பதினறும எண்கள் காணப்படும். முதலெண் செய்தவரைக் குறிக்கும். மற்றையது பொருளைக் குறிக்கும். றியல்ரெக்கின் எண் 0பி.டி.ஏ. என்பது, அதனை அடுத்து 8812 என்று வரின் நாம் கூறிய நுண்சில்லு அது. வேறு நிறுவனத்தார் தம் பெயரில் விற்கும்போது தம் எண்களை இடுவதும் உண்டு. ஆதலின் இயக்கியின் மூலநிரலில் உள்ள எண் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். வேறு சில றியல்ரெக் கருவிகள் செருகியவுடன் தம்மைக் கம்பியில்லாக் கருவியாக அறிவிப்பதில்லை, இறுவட்டாக அறிவிக்கும். விண்டோஸுக்குரிய இயக்கியைத் தம்முள்ளேயே வைத்திருந்து, அதனை நிறுவுவதற்கு வசதியாக இவ்வேடம் பூணுகின்றன. 0பி.டி.ஏ., 1ஏ2பி என்னும் எண்கள் தோன்றினால் இவ்வேடமே என அறிக. அதனைக் களைவதற்கு யூ.எஸ்.பி. மோட்சுவிச் என்னும் சிறு செய்நிரல் உண்டு. வேடம் கலையும்வரை எந்த இயக்கியைத் தொகுத்தாலும் பயன் இல்லை.

இயங்கிக்கொண்டிருக்கும் கருவின் பதிப்பை அறிதல் அடுத்தது. யூநேம் என்னும் கட்டளை ஆர் என்னும் தெரிவோடு கொடுக்கப்படின் அதனைக் கூறும். 2023 இல் வெளியான டெபியன் 12 ஆயின் 6.1 எனத் தொடங்கும், உபுண்டு 22.04 முதலில் வந்தவாறே இருப்பின் 5.15 எனத் தொடங்கும். இவ்விரு கருக்களிலும் 8812 ஏ.யூ. வுக்குரிய இயக்கி இல்லை. ஆகவே தொகுத்தல் வேண்டும். கருவிலேயே இயக்கி இருக்கும் கருவிக்குப் புறத்தேயுள்ள இயக்கியைத் தொகுப்பது வேண்டாத வேலை என்பது என் கருத்து. வேகம் சற்றுக் கூடும் என்று ஆசைகாட்டுவோர் சொல்லைக் கேட்டு அதில் இறங்கவேண்டாம்.

தொகுத்தற்கு வேண்டியவை சில. சி மொழியில் எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பான் வேண்டும், ஜி.சி.சி. என்னும் தொகுப்பான் 1987 ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் வழங்கி வருகின்றது. எந்தக் கோப்பை எந்த ஒழுங்கில் தொகுப்பது என்று நடத்தும் மேக் என்னும் செய்நிரல் வேண்டும். இயங்கும் கருவுக்குரிய தலைப்புக் கோப்புகளும் வேண்டும். தலைப்புக் கோப்புகளில் முழு நிரல் இராது. கருவினுள் எவ்வெச் செயற்கூறுகள் உள்ளன, அவற்றை எவ்வாறு அழைத்தல் வேண்டும், தரவுகள் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டுள்ளன என்னும் விவரங்களே இருக்கும். வீட்டின் ஒழுங்குகளை எழுதிவைத்த ஏடு எனலாம். பதிப்பெண்ணில் ஒரு சிறு பகுதி வேறுபட்டாலும் அது வேறு வீட்டின் ஏடாகிவிடும். மாணவர் பெரும்பாலும் இடறி விழுவது இப்படியிலேதான்: கரு ஒன்று, தலைப்புக் கோப்பு மற்றொன்று. யூநேம் கூறிய பதிப்பெண்ணை எழுத்துக்கு எழுத்து ஒத்த பொதியையே நிறுவுக.

இணையம் கிடைப்பதற்காக இயக்கி தேடுகின்றோம். அவ்வியக்கியையும் பொதிகளையும் பெறுதற்கோ இணையம் வேண்டும். இச்சிக்கலுக்கு எளிய வழி கைத்தொலைபேசி. அதனை யூ.எஸ்.பி. கம்பியாற் கணினியோடு இணைத்து, தொலைபேசியின் அமைப்பில் யூ.எஸ்.பி. வழி இணையப் பகிர்வை இயக்கினால், லினக்ஸ் அதனைக் கம்பி வலையமைப்பாகவே ஏற்கும். அதற்குரிய இயக்கி கருவில் முன்பே உண்டு.

மூலநிரலைப் பெற்று அதன் கோப்புறையினுள் நின்று மேக் என்று கட்டளையிடுகின்றோம். நிகழ்வது யாது? அக்கோப்புறையில் உள்ள மேக்கோப்பு தானாகத் தொகுப்பதில்லை. இயங்கும் கருவின் தலைப்புக் கோப்புகள் இருக்கும் இடத்துக்குச் சென்று, அங்குள்ள தொகுப்பு ஒழுங்கை எழுப்பி, என் கோப்புறையில் உள்ளவற்றை உன் முறைப்படி தொகுத்துத் தா என்று வேண்டுகின்றது. கருவை எந்தத் தெரிவுகளோடு தொகுத்தனரோ அதே தெரிவுகளோடு கூற்றையும் தொகுத்தற்பொருட்டே இந்த ஏற்பாடு. நிறுவனத்தாரின் இவ்வியக்கியில் நூற்றுக்கு மேற்பட்ட சி கோப்புகள் உள்ளன. அவை ஒவ்வொன்றாகத் தொகுக்கப்பட்டுப் பின் ஒன்றாக இணைக்கப்படும். பழைய கணினியிற் சில நிமிடங்கள் செல்லும். ஈற்றில், கூறு வேண்டும் செயற்கூறுகள் யாவும் கருவில் உண்டா என ஒவ்வொரு பெயராகச் சரிபார்க்கப்படும். பின்னர் கூற்றின் உடலில் ஒரு முத்திரை பதிக்கப்படும். இன்ன பதிப்புக் கருவுக்கு, இன்ன செயலிக் கட்டமைப்புக்கு, இன்ன தெரிவுகளோடு தொகுக்கப்பட்டது என்பதே அம்முத்திரையின் வாசகம். ஏற்றும் வேளையில் கரு அதனைப் படித்து, தன்னோடு ஒவ்வாததாயின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். நண்பர் ஒருவரின் கணினியில் தொகுத்த கூற்றைப் படியெடுத்து வந்து பயன்படுத்த முயல்வோர்க்குக் கிடைக்கும் மறுப்பின் காரணம் இதுவே. கூற்றின் வடிவம் செல்லாது என்னும் அவ்வறிவித்தலைக் கண்டவுடன் கோப்புப் பழுது எனப் பலர் கருதுவர். பழுது இல்லை, வீடு மாறியுள்ளது.

தொகுத்தல் இடையில் நின்றுவிடுதலும் உண்டு. திரையில் ஐம்பது அறுபது வரிகள் வழிந்தோடி, கடைசி வரி பிழை என்று மட்டும் கூறி நிற்கும். அக்கடைசி வரியைப் படியெடுத்துப் பிறரிடம் கேட்பது பயனற்றது. மேலே சென்று முதற்பிழையைத் தேடுக. பின்வருவன பெரும்பாலும் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. முதற்பிழை இன்ன கோப்பில் இன்ன வரியில் என்பதைத் தெளிவாகவே கூறும்.

மெய்யான எடுத்துக்காட்டு ஒன்று தருகின்றேன். கம்பியில்லா இயக்கிக்கு நேரங்காட்டி இன்றியமையாதது; மறுமொழி வராவிடின் இத்தனை மில்லி செக்கன் கழித்து மீளவும் அனுப்புக என்பது போன்ற வேலைகள் அதற்கு எண்ணிறந்தவை. பழைய கருக்களில் நேரங்காட்டியை அமைக்கும்போது, நேரம் வந்ததும் அழைக்கவேண்டிய செயற்கூற்றின் முகவரியையும், அதனிடம் கொடுக்கவேண்டிய ஓர் எண்ணையும் நேரங்காட்டியின் உடலிலேயே அருகருகே எழுதி வைப்பர். 2018 ஆம் ஆண்டு சனவரி மாதம் வெளியான 4.15 ஆம் கரு இம்முறையை ஒழித்தது. அவ்வெண்ணுக்குரிய இடமே நீக்கப்பட்டது. செயற்கூற்றுக்கு இனி நேரங்காட்டியின் முகவரியே கொடுக்கப்படும். அதிலிருந்து தனக்கு வேண்டியதைச் செயற்கூறு தானே கண்டுகொள்ள வேண்டும் என்றாயிற்று. ஆகவே 2017 இல் எழுதிய இயக்கியை 4.15 இற் தொகுத்தால், நேரங்காட்டிக்குள் தரவு என்னும் உறுப்பு இல்லை எனத் தொகுப்பான் முறையிடும். இயக்கியின் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதன் காலடியிலிருந்த நிலம் மாறிவிட்டது.

இம்மாற்றம் வெறும் விளையாட்டன்று. முகவரியும் எண்ணும் அருகருகே இருந்தமையால், நினைவகத்தின் எல்லையைக் கடந்து எழுதவல்ல ஒரு தீயவன் இரண்டையும் ஒருங்கே மாற்றி, தான் விரும்பிய செயற்கூற்றைத் தான் விரும்பிய எண்ணோடு கருவைக்கொண்டே அழைப்பிக்கலாம். அந்தக் கதவை அடைத்தற்கே கீஸ் குக் முதலியோர் மரத்திலிருந்த நூற்றுக்கணக்கான இயக்கிகளைத் திருத்தினர். ஈண்டுக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மரத்தினுள் இருந்த இயக்கிகளை மாற்றம் செய்தவர்களே திருத்தினர். அவற்றை முதலில் எழுதியோர் கைவைக்க வேண்டியிருக்கவில்லை. புறத்தே நின்ற இயக்கிக்கு எவரும் ஒன்றும் அறிவிக்கவில்லை. ஊரில் நடக்கும் கலியாணத்துக்கு அழைப்பு வரவில்லை என்று குறைகூறும் வெளியூர் உறவினர், தம் முகவரியை எவர்க்கும் கொடுத்திருப்பதில்லை அன்றோ!

இவ்வாறு இடத்துக்கிடம் தோன்றும் மாற்றங்களை அடக்கும் வழியும் அறிந்துகொள்ளத்தக்கது. இயக்கியின் மூலநிரலைத் திறந்து பார்த்தால், கரு 4.15 அல்லது அதன் பின்னையதாயின் இவ்வரிகளைத் தொகுக்க, அன்றேல் அவ்வரிகளைத் தொகுக்க என்னும் நிபந்தனைகள் எங்கும் விரவிக் கிடக்கும். 2020 ஆம் ஆண்டு 5.6 ஆம் கரு, புரொக் என்னும் கோப்புறையில் தோன்றும் கோப்புகளைப் பதிவு செய்யும் முறையை மாற்றியது. அங்கு ஒரு நிபந்தனை. 2025 ஆம் ஆண்டு 6.15 ஆம் கரு, நேரங்காட்டியை நிறுத்தும் செயற்கூற்றின் பழைய பெயரை ஒழித்தது; அங்கு மற்றொன்று. சி மொழி கற்கும் மாணவன் ஒருவன் இந்நிபந்தனைகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே லினக்ஸ் கருவின் வரலாற்றை ஒருவாறு அறிந்துகொள்வான். பாடநூலில் உள்ள பயிற்சிகளிலும் இது சுவையான பயிற்சி. அவன் தானே ஒரு நிபந்தனையை எழுதி இயக்கியை ஓடவைத்துவிட்டானாயின், பரீட்சையில் பெற்ற புள்ளிகளைவிட அதனையே பெரிதாக நினைப்பான்.

உட்புற ஒழுங்குகளை ஏன் நிலையாக வைத்தல் ஆகாது என்னும் வினா எழும். கருவுக்கும் புறத்தேயுள்ள செய்நிரல்களுக்கும் இடையிலான ஒழுங்கு நிலையாகவே பேணப்படுகின்றது. விறாந்தைக்கு வருவோர்க்கு எந்த மாற்றமும் தெரியாது. அடுக்களைக்குள்ளேயே மாற்றம். அதனை நிலைப்படுத்த மறுப்பதன் காரணங்களைக் கிறெக் குரோ-ஹாட்மன் எழுதிய ஆவணம் ஒன்று கருவின் மூலநிரலோடே வைக்கப்பட்டுள்ளது. பழைய பிழைகளை என்றென்றும் சுமந்து திரியவேண்டிவரும் என்பதும், இயக்கிகள் மரத்துக்குள் வந்துவிட்டால் இச்சிக்கலே எழாது என்பதும் அவற்றுட் சில. ஒன்பது பத்துக் கிழமைக்கு ஒரு முறை புதிய கரு வெளிவருகின்ற உலகில் இவ்வாதம் வலியது என்றே நான் கருதுகின்றேன். எனினும் அதன் விலையைச் செலுத்துபவர் இயக்கியை எழுதிய நிறுவனத்தார் அல்லர். கருவியைக் காசு கொடுத்து வாங்கியவரும், பாடசாலையின் கணினி அறைக்குப் பொறுப்பான ஆசிரியருமே.

தொகுத்து முடிந்தபின் கூற்றைக் கருவினுள் ஏற்றல் வேண்டும். இன்ஸ்மொட் என்னும் கட்டளை கொடுத்த கோப்பை மட்டும் ஏற்றும். அது சார்ந்து நிற்கும் பிற கூறுகள் முன்பே ஏற்றப்படாதிருப்பின், அறியாத பெயர் எனக் கூறி மறுத்துவிடும். மொட்புரோப் என்னும் கட்டளையோ சார்புகளையும் தேடி அழைத்து வரும். முறைப்படி நிறுவிவிட்டு மொட்புரோப்பையே பயன்படுத்துக. ஏற்றியபின் கருவின் குறிப்பேட்டை டி.எம்.ஈ.எஸ்.ஜி. என்னும் கட்டளையாற் பார்த்தால், மரத்துக்குப் புறம்பான கூறு கருவைக் களங்கப்படுத்துகின்றது என ஒரு வரி காணப்படலாம். மாணவர் இதனைக் கண்டு அஞ்சுவர். கேடு ஒன்றும் நேரவில்லை. இக்கருவில் நாம் எழுதாத நிரலும் இருக்கின்றது. பிழை நேரின் அதனையும் நினைவிற்கொள்க எனக் கருவைப் பேணுவோர் தமக்குத் தாமே இட்ட அடையாளம் அது.

சற்றுப் புதிய கணினிகளில் வேறொரு தடை வரும். செக்கியூர் பூட் என்னும் காப்பு இயங்குமாயின், நம்பத்தக்க சாவியாற் கையொப்பம் இடப்படாத கூற்றைக் கரு ஏற்காது. நாம் வீட்டிலே தொகுத்த கூற்றில் யார் கையொப்பம் இருக்கும்? அதற்கென நாமே ஒரு சாவியை உண்டாக்கி, கணினியிற் பதிவு செய்துகொள்ளலாம். உபுண்டு முதலியவற்றில் நிறுவும்போதே ஒரு கடவுச்சொல் கேட்கப்படும். மறுமுறை கணினி எழும்போது தோன்றும் நீலத்திரையில் அதே சொல்லைக் கொடுத்துச் சாவியை ஏற்கச் செய்தல் வேண்டும். அந்நீலத்திரையைப் பிழை எனக் கருதி மின்னை அணைத்துவிடுவோர்க்கு இயக்கி ஏறவே ஏறாது.

திறந்த மூலநிரல் என்பதற்கும் எல்லை உண்டு. நுண்சில்லின் உள்ளே ஒரு சிறு செயலி இருக்கின்றது. அது ஓட்டுவதற்குரிய நிலைபொருளை இயக்கியே அதற்கு ஊட்டுகின்றது. நிறுவனத்தாரின் மூலநிரலில் அந்நிலைபொருள் பல்லாயிரம் எண்களின் வரிசையாகச் சி கோப்பினுள்ளே கிடக்கும். படிக்கலாம், பொருள் அறிய இயலாது. நாம் தொகுக்கின்றோம் என்று சொல்லுங்கால், அப்பகுதியை மட்டும் தொகுப்பதில்லை. மூடிய பெட்டியாகவே கைமாற்றுகின்றோம்.

ஒருவாறு இணைப்புக் கிடைத்துவிட்டது. இரண்டு மாதம் கழித்துக் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்கின்றது. மறுநாட் காலையில் வலையமைப்பு இல்லை. புதிய கரு வந்துவிட்டது. நம் கூறோ பழைய கருவுக்குரியது. மேற்கூறியவற்றைப் படித்தோர்க்கு இது வியப்பளியாது. இத்தொல்லையைக் குறைத்தற்கு டெல் நிறுவனத்தாரின் பொறியியலாளர் 2003 ஆம் ஆண்டில் டி.கே.எம்.எஸ். என்னும் ஒழுங்கை உருவாக்கினர். மூலநிரலைக் கணினியிலேயே ஓரிடத்தில் வைத்திருந்து, புதிய கரு நிறுவப்படுந்தோறும் அதற்கேற்பக் கூற்றைத் தானாகவே மீளத் தொகுத்துவிடும். பாடசாலை ஒன்றில் இருபது கணினிகள் இருப்பின் இஃது இன்றியமையாதது. ஆயின் அது உழைப்பைத் திரும்பச் செய்யும் கூலியாளே அன்றி, அறிவுடைய எழுத்தாளன் அன்று. கருவின் ஒழுங்கு மாறி, மூலநிரல் மாறாதிருப்பின், டி.கே.எம்.எஸ். உம் அதே முதற்பிழையில் நின்றுவிடும். அந்நாளுக்காகப் பழைய கருவை அழியாது வைத்திருத்தல் வேண்டும். கணினி எழும்போது தோன்றும் பட்டியலிலிருந்து அதனைத் தெரிந்து அன்றைய பாடத்தை நடத்திவிடலாம்.

மூலநிரலை எவரிடமிருந்து பெறுகின்றோம் என்பதிலும் கருத்து இருத்தல் வேண்டும். நிறுவனத்தார் கைவிட்ட பதிப்புகளைத் தன்னார்வலர் பலர் புதிய கருக்களுக்கேற்பத் திருத்திப் பேணுகின்றனர். அவர்க்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். எனினும் அடுக்களைக்குள் விடும் ஆள் இது. அண்மைக்காலத்திற் பேணப்படுகின்றதா, திருத்தங்கள் இன்னின்னவை எனக் காட்டப்பட்டுள்ளதா என்று பாராது ஏற்றலாகாது. சில பதிப்புகளில் அனுப்புவலுவின் வரம்பும் தளர்த்தப்பட்டிருக்கும். இலங்கையில் அலைவரிசைகள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கட்டுப்பாட்டில் உள்ளவை. எனவே கணினியின் நாட்டுக் குறியீட்டை எல்.கே. என்றே அமைத்துக்கொள்க.

8812 ஏ.யூ. வின் கதை 2025 ஆம் ஆண்டிலே திரும்பிற்று. மெக் 80211 ஐத் தழுவி எழுதப்பட்ட ஆர்.டி.டபிள்யூ. 88 என்னும் இயக்கி கருவின் மரத்தில் முன்பே இருந்தது. யூ.எஸ்.பி. கருவிகள் சிலவற்றுக்கு அது 2023 இல், 6.2 ஆம் கருவிலிருந்து, வழிசெய்திருந்தது. அதனோடு 8812 ஏ.யூ. வுக்குரிய பகுதியும் புதிதாக எழுதிச் சேர்க்கப்பட்டு, 2025 இல் வெளிவந்த கருக்களிற் கிடைக்கலாயிற்று. பத்தாண்டுக்கு மேலாகப் புறத்தே நின்ற கருவி அப்போதுதான் உள்ளே அழைக்கப்பட்டது. 6.14 அல்லது அதற்குப் பின்னைய கருவை நிறுவுவோர் இக்கட்டுரையில் விரித்த தொகுத்தல் வேலை எதனையும் இந்நுண்சில்லுக்குச் செய்யவேண்டியதில்லை. ஒன்று மட்டும் செய்தல் வேண்டும்: முன்னர்த் தொகுத்து நிறுவிய கூற்றை டி.கே.எம்.எஸ். இலிருந்து நீக்குக. நீக்காவிடின் ஒரே கருவிக்கு இரு இயக்கிகள் உரிமை கோரும். எது முந்துகின்றதோ அதுவே கருவியைக் கைப்பற்றும். நிறுவும்போது பழைய இயக்கி தன் எதிரியைத் தடைசெய்யும் கோப்பொன்றை மொட்புரோப்.டி என்னும் கோப்புறையில் எழுதி வைத்திருத்தலும் கூடும். அதனையும் தேடி அழித்தபின் கணினியை மீள எழுப்புக.